இறால் குஞ்சுக்கு முதல் சாப்பாடு போட்டவர்: மொட்டோசாகு ஃபுஜினாகா

குருமா இறால் என்று படித்ததும் உங்களுக்குப் பரோட்டா ஞாபகம் வந்தால் அதில் தப்பே இல்லை. எனக்கும் அதுதான் வந்தது. ஆனால் இது ஜப்பானியப் பெயர். அந்த மொழியில் குருமா என்றால் சக்கரம், வண்டி. இந்த இறாலின் உடம்பில் குறுக்கே பழுப்புப் பட்டைகள் இருக்கும். அது சுருண்டுகொள்ளும்போது அந்தப் பட்டைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரித் தெரியும். அதனால் அந்தப் பெயர். டெம்புரா போடுவதற்கு இதுதான் ராஜா. ஜப்பான்காரர்கள் இதை உயிரோடு வாங்கத்தான் விரும்புவார்கள். குளிர வைத்த மரத்தூளுக்குள் பொதிந்து அனுப்பினால், தண்ணீரே இல்லாமல் பயணம் போய் உயிரோடு இறங்கும்.

இந்த ஒரு இறாலுக்காக ஏறக்குறைய 40 வருஷத்தைக் கொடுத்தவர் மொட்டோசாகு ஃபுஜினாகா. இன்று மரக்காணம் ஹேச்சரியில் இருந்து ஈக்வடார் வரைக்கும் உலகம் பூரா இறால் வளர்க்கிறார்கள் இல்லையா, அந்தத் தொழிலின் தந்தை என்று இவரைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர் கதையில் எனக்குப் பிடித்த கேரக்டர் இறால் கிடையாது. கண்ணுக்கே தெரியாத ஒரு பாசி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஃபுஜினாகா பிறந்தது 1903-ல், ஜப்பானின் தென்மேற்கில் உள்ள யமாகுச்சி மாகாணத்தில். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மீன்வளம் படித்தார். படிப்பு முடிந்ததும் ஒரு பெரிய மீன்பிடிக் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கம்பெனியின் பிழைப்பு கடலில் வலை வீசுவது. அப்படிப்பட்ட இடத்தில் புதுசாகச் சேர்ந்த ஒரு இளைஞன் இறாலை முட்டையிலிருந்து வளர்த்துப் பார்க்கிறேன் என்று இறங்குகிறான், கம்பெனியும் வருஷக்கணக்கில் சம்பளம் கொடுத்து அதைச் செய்ய விடுகிறது. கேம்பஸ் பிளேஸ்மென்டில் இப்படி ஒரு கம்பெனி வந்தால் யாராவது சொல்லுங்கப்பா.

கியூஷு தீவுப் பக்கம் அமகுசா என்று ஒரு தீவுக் கூட்டம். அங்கே பிடித்த இறாலைக் குளத்தில் விட்டு, விலை ஏறும்வரை வைத்திருந்து விற்கும் பழக்கம் முன்பே உண்டு. அது வளர்ப்பு ஆகாது, வைத்திருப்பதுதான். குஞ்சு எங்கே பிறக்கிறது, எப்படி வளர்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஃபுஜினாகா அங்கேதான் ஆரம்பித்தார். முட்டை சுமந்த தாய் இறாலைத் தொட்டியில் விட்டார். அது ராத்திரி நேரத்தில் முட்டை போட்டது. ஒரு தாய் லட்சக்கணக்கில் போடும். முட்டையின் விட்டம் கால் மில்லிமீட்டர் சுமார். மறுநாளே பொரிந்துவிடும். 1934-லேயே இதை அவர் செய்துவிட்டார். குருமா இறாலைத் தொட்டியில் பொரிக்க வைத்த முதல் ஆள் அவர்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் இது சின்னக் கதை. பிரச்சினை பொரித்த பிறகுதான் ஆரம்பம்.

பொரித்து வருவதற்குப் பேர் நாப்ளியஸ். பார்க்க இறால் மாதிரியே இருக்காது, கால் முளைத்த ஒரு புள்ளி, அவ்வளவுதான். அது சாப்பிடாது. முட்டையிலிருந்து கொண்டு வந்த மஞ்சள் கருதான் அதன் கட்டுச்சோறு. ஆறு முறை தோல் உரிக்கும். எல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் சுமாருக்குள் முடிந்துவிடும். கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு வரும்? தீர்ந்ததும் அடுத்த நிலை, ஜோயியா. இப்போது வாய் இருக்கிறது, குடல் இருக்கிறது, பசியும் இருக்கிறது. தண்ணீரில் மிதப்பதைக் கால்களால் வாரி வாரி வாய்க்குக் கொண்டுபோகும். தேடிப்போய் வேட்டையாடத் தெரியாது. பக்கத்திலேயே, சரியான சைஸில், ஓயாமல் சாப்பாடு மிதந்துகொண்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் சாவுதான்.

ஃபுஜினாகாவின் தொட்டியிலும் அதுதான் நடந்தது. பொரித்தவற்றில் பெரும்பாலானவை ஜோயியாவிலேயே போய்விட்டன. அதைத் தாண்டிப் போனவை ரொம்பக் கொஞ்சம்.

இது இறாலுக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. கொடுவா, கடல் விரால் மாதிரி கடல் மீன்களின் குஞ்சுகளும் இப்படித்தான். முட்டை சின்னது, கட்டுச்சோறு கொஞ்சம், வாய் ஊசிமுனை. அந்த வாய்க்குள் நுழையும் அளவில், உயிரோடு, சத்தோடு எதைக் கொடுப்பது? கடலில் பாசியும் அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. தொட்டியில் யார் பார்ப்பது?

மாவு கரைத்து ஊற்றினால் போதாதா என்று கேட்கலாம். ஊற்றலாம். குஞ்சு தின்றது போக மீதி அடியில் படிந்து அழுகும், அமோனியா ஏறும், மறுநாள் தொட்டியே காலி. உயிருள்ள பாசிக்கு இங்கேதான் ஒரு வசதி. அது அழுகாது, மிதந்துகொண்டே இருக்கும். அமோனியாவைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். வெளிச்சம் இருந்தால் ஆக்சிஜனும் கொடுக்கும். சாப்பாடே தண்ணீரையும் சுத்தம் பண்ணிக்கொள்கிறது என்றால் நம் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு அது கனவு.

ஃபுஜினாகா பிடித்த பாசியின் பேர் ஸ்கெலிட்டோனிமா. டயாட்டம் வகை. ஒவ்வொரு செல்லுக்கும் சிலிக்காவால் ஆன ஓடு, அதாவது கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் செல். பல செல்கள் சேர்ந்து மணிமாலை மாதிரிச் சங்கிலியாக மிதக்கும். ஜோயியாவின் கால்கள் வாருவதற்கு வாகான சைஸ். இந்த டயாட்டத்தை வேறு எதுவும் கலக்காமல் தனியாக வளர்க்கும் முறையை மாட்சுயே என்ற ஜப்பானிய ஆய்வாளர் உருவாக்கி வைத்திருந்தார். அதைத்தான் ஃபுஜினாகா எடுத்துக்கொண்டார்.

செய்முறை நமக்குப் புதுசு இல்லை. தயிருக்கு உறை ஊற்றுகிற கதைதான். சுத்தம் செய்த கடல்நீரில் நைட்ரேட், பாஸ்பேட், கண்ணாடி ஓட்டுக்காக சிலிக்கேட். கொஞ்சம் உறைப் பாசி. வெளிச்சம். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் பழுப்பாகும். அப்போதே எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் சத்து தீர்ந்து மொத்தமாகச் சரிந்து விழும். பயோடெக் மக்களுக்கு அந்த வளைவு மனப்பாடமாக இருக்கும்.

இங்கே இரண்டு கடிகாரம் ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள். தாய் இறால் எந்த ராத்திரி முட்டை போடும் என்பது அதன் இஷ்டம். போட்ட இரண்டு நாளில் ஜோயியா வாயைத் திறக்கும். அந்த நேரத்தில் பாசி உச்சத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் பிந்தினாலும் லட்சக்கணக்கான குஞ்சு போச்சு.

அந்தப் பாசி கிடைத்ததும் ஜோயியா தாண்டியது. அடுத்த நிலையான மைசிஸும் தாண்டியது. குட்டி இறாலாக மாறிக் கீழே இறங்கியது. 1942-ல் இதையெல்லாம் சேர்த்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை ஜப்பானிய விலங்கியல் இதழ் ஒன்றில் வந்தது, கிட்டத்தட்ட 90 பக்கம். முட்டையிலிருந்து பெரிய இறால் வரை ஒவ்வொரு நிலைக்கும் விளக்கமும் படமும். அதுவும் ஆங்கிலத்தில்! வருஷத்தைக் கவனித்தீர்களா? ஜப்பான் அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் சண்டையில் இருந்த நேரம். ஆங்கிலம் படிக்கிற நாடுகளில் அப்போது யார் ஜப்பானிய விலங்கியல் இதழைத் தேடப்போகிறார்கள்? (தேட விரும்புகிறவர்களுக்கு ஒரு டிப்: அந்தக் கட்டுரையில் அவர் பெயர் ஃபுஜினாகா என்று இல்லை, ஹுடினாகா என்று இருக்கும். அந்தக் காலத்து ரோமன் எழுத்து முறை அப்படி. இரண்டு பேர் என்று நினைத்துத் தனித்தனியாக சைட் பண்ணாதீர்கள்.)

அப்புறம் நீண்ட இடைவெளி. போர் முடிந்ததும் அவர் ஜப்பான் அரசின் மீன்வளத் துறையில் ஆராய்ச்சிப் பிரிவின் பொறுப்பில் இருந்தார். சாப்பாட்டுக்கே திண்டாடிய நாட்டில் டெம்புரா இறாலை வளர்ப்பது யாருக்கும் முதல் வேலையாக இருந்திருக்காது. லேப்பில் ஜெயித்துவிட்ட ஒரு விஷயம் பதினைந்து வருஷத்துக்கு மேல் பேப்பரிலேயே கிடந்தது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்ட் பண்ணி லைப்ரரியில் வைத்துவிட்டு வருகிற நமக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

1950-களின் கடைசியில், ஐம்பத்தைந்து வயதை ஒட்டி, அவர் அரசு வேலையை விட்டு இறால் வளர்க்கப் போனார். ரிட்டயர்மென்ட் பணத்தை வங்கியில் போட்டு வட்டி வாங்குகிற வயசு. இவர் போன இடம் ஷிக்கோகு தீவில் தகமாட்சு பக்கம், கைவிடப்பட்ட ஒரு உப்பளம். அந்தச் சமயத்தில் ஜப்பானில் உப்பு உற்பத்தி தேவைக்கு மேல் போய், அரசே பல உப்பளங்களை மூட வைத்தது. கடல்நீர் தானாக வந்து போகிற தட்டையான நிலம் சும்மா கிடந்தது. இறாலுக்கு அதைவிட என்ன வேண்டும்? மரக்காணம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கேயும் உப்பளமும் இறால் ஹேச்சரியும் பக்கத்துப் பக்கத்தில்தான். 1963-ல் தன் சொந்த மாகாணமான யமாகுச்சியில், அயோ என்ற கடலோர ஊருக்கு வேலை நகர்ந்தது. குருமா இறால் வளர்ப்பு பிறந்த ஊர் என்று அயோவை இன்றும் சொல்கிறார்கள்.

இனிமேல் வருவதுதான் இன்ஜினியரிங் மாணவர்களுக்கான பகுதி. உயிரியல் 1942-லேயே முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஸ்கேல் அப்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கையில் 20 மில்லி சுத்தமான ஸ்கெலிட்டோனிமா இருக்கிறது. பத்து பத்து மடங்காகப் பெருக்கினால் 200 மில்லி, 2 லிட்டர், 20, 200, 2,000, 20,000, கடைசியில் 2 லட்சம் லிட்டர், அதாவது 200 டன் தொட்டி ஒன்று. மொத்தம் ஏழு படி. ஒவ்வொரு படிக்கும் சில நாள். ஒவ்வொரு படியிலும் வேறு பாசி நுழையலாம், பாசியைத் தின்னும் புரோட்டோசோவா நுழையலாம். ஒரே ஒரு படியில் கெட்டாலும் திரும்ப முதலிலிருந்து. அந்தப் பக்கம் தாய் இறால் காத்துக்கொண்டு இருக்காது. கண்ணாடிக் குடுவையில் அழகாக வேலை செய்த சுத்தம், டன் கணக்கில் போகும்போது கழுத்தைப் பிடிக்கிறது. ஃபுஜினாகாவின் ஆரம்பகால உற்பத்தி இப்படித்தான் தனியாகப் பாசி வளர்த்து ஊற்றுவதாக இருந்தது. ஆட்கூலியும் நேரமும் அதிலேயே போயின.

1964 வாக்கில் அவரும், கூட வேலை செய்த ஜிரோ கிட்டாகாவும் வழியை மாற்றினார்கள். சுத்தத்தையே விட்டுவிட்டார்கள்! வெட்டவெளியில் பெரிய கான்கிரீட் தொட்டி, 100 டன், 200 டன். அதில் கடல்நீர். தாய் இறால் அதிலேயே முட்டை போடும், குஞ்சு அதிலேயே பொரிக்கும். அதே தண்ணீரில் தினமும் கொஞ்சம் நைட்ரேட், பாஸ்பேட், வயலுக்கு உரம் போடுகிற மாதிரி. கடல்நீரில் ஏற்கனவே பலவகை டயாட்டம்கள் இருக்கும். வெயிலும் உரமும் கிடைத்தால் அவை தானாகப் பெருகும். ஜோயியா வாய் திறக்கும் நேரத்தில் தண்ணீரே சாப்பாடாக மாறியிருக்கும். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் ஆர்ட்டீமியா குஞ்சு, பிறகு அரைத்த சிப்பி இறைச்சி.

ஒரே டயாட்டத்தைத் தனியாகப் பிரித்து வளர்த்தால்தான் குஞ்சு பிழைக்கும் என்று பாடுபட்டு நிரூபித்தவர், இருபது வருஷம் கழித்து, எந்த டயாட்டம் வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் இடத்துக்கு வருகிறார். அவர் வாழ்க்கையில் என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய துணிச்சல். தன் சொந்த முறையைத் தானே தூக்கிப் போடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. நாலு நாள் மேகம் போட்டால் பாசி வராது, குஞ்சு பட்டினி. வரக்கூடாத பாசி முந்திக்கொண்டால் அதுவும் பட்டினிதான். வானத்தை நம்பிய விவசாயம் மாதிரி. அதே 60-களில் அமெரிக்காவில் கால்வெஸ்டன் ஆய்வகத்தில் நேர் எதிரான வழியில் போனார்கள். பாசி தனி அறையில், குஞ்சு தனித் தொட்டியில், ஒரு மில்லிக்கு எத்தனை செல் என்று எண்ணி எண்ணி ஊற்றுவது. இன்றைய ஹேச்சரிகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. ஏசி அறையில் சுத்தமான உறைப்பாசி, வெளியே பெரிய தொட்டியில் பெருக்கம், எண்ணி ஊற்றுதல். ஆனால் இறால் குஞ்சை ஆராய்ச்சிப் பொருளாக இல்லாமல் தொழிலாகச் செய்ய முடியும் என்று முதலில் காட்டியது அயோவின் அந்த அழுக்குத் தொட்டிகள்தான்.

குஞ்சு தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் காரியங்கள் வேகமாக நடந்தன. ஜப்பான் அரசு செட்டோ உள்நாட்டுக் கடலில் குருமா இறால் குஞ்சுகளை வளர்த்து விட ஆரம்பித்தது, பிடிக்கிறவர்களுக்குக் கடலிலேயே கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. 1967-ல் மெக்ஸிகோ சிட்டியில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு நடத்திய உலக இறால் மாநாட்டில் ஃபுஜினாகாவின் வளர்ப்பு முறை இடம்பெற்றது. அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். ஃப்ளோரிடாவில் மேரிஃபார்ம்ஸ் என்ற கம்பெனி ஜப்பானிய நிபுணர்களை வைத்து ஒரு விரிகுடாவின் பகுதியையே வலை கட்டி இறால் விட்டது. உள்ளூர் மீனவர்கள் எங்கள் கடலை அடைக்க நீ யார் என்று சண்டைக்கு வந்தார்கள். தைவானிலிருந்து வந்து ஃபுஜினாகாவிடம் வேலை கற்ற லியாவ் ஐ-சியு ஊர் திரும்பி, 1968-ல் டுங்காங்கில் புலி இறாலைப் பொரிக்க வைத்தார். ஆசியாவின் இறால் அலை அங்கிருந்துதான் கிளம்பியது.

மீன் குஞ்சுக்கும் ஜப்பானில் அதே காலத்தில் விடை வந்தது. மீன் குஞ்சு நேராகப் பாசி தின்று வளர்வது குறைவு. நடுவில் ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு வேண்டும். பாசியை ரோட்டிஃபர் தின்னும், ரோட்டிஃபரைக் குஞ்சு தின்னும். 1960-ல் இட்டோ என்ற ஆய்வாளர் ரோட்டிஃபரை மீன் குஞ்சுக்குக் கொடுத்துக் காட்டினார். இன்று மண்டபத்தில் கடல் விரால் குஞ்சு பொரிக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் இதே சங்கிலிதான். அடியில் எப்போதும் பாசி.

பாசியில் அப்படி என்ன இருக்கிறது என்று ஃபுஜினாகா தொடங்கிய காலத்தில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. டயாட்டத்தில் ஈ.பி.ஏ. போன்ற ஒமேகா 3 கொழுப்புகள் நிறைய. கடல் குஞ்சுகளால் தங்களுக்குத் தேவையான அளவு இவற்றைத் தாங்களே உடம்பில் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். இது 1970-களில்தான் தெளிவாகத் தெரிய வந்தது. குஞ்சு பிழைத்தது முதலில், காரணம் தெரிந்தது முப்பது வருஷம் கழித்து.

ஃபுஜினாகா 1973-ல் இறந்தார். அப்போது உலகத்தில் இறால் என்றால் பெரும்பாலும் வலையில் பிடித்ததுதான். அடுத்த இருபது வருஷத்தில் வந்த வெறியை அவர் பார்க்கவில்லை. நம் ஊரில் அது எப்படி முடிந்தது என்று உங்களில் பலருக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும். நாகப்பட்டினம் பக்கம் நெல் வயலெல்லாம் இறால் பண்ணையாகி, கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. பிறகு 2005-ல் தனிச் சட்டம் வந்து, ஒழுங்குபடுத்தும் ஆணையம் வந்தது. ஒரு தொட்டியில் ஜோயியா சாகாமல் இருக்க வழி கண்டுபிடித்தவரை இதற்கெல்லாம் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் குஞ்சு மட்டும் லட்சக்கணக்கில் கிடைக்காமல் போயிருந்தால் அத்தனை ஏக்கர் இறால் குளம் வந்திருக்காது என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துத்தான் அவர் கதையைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் அவருடைய தொட்டி முறைக்கு நெருங்கிய சொந்தம் கேரளாவின் நாரக்கல். அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இறால் ஆய்வகத்தில், வடிகட்டிய கடல்நீரில் உரம் போட்டு வெயிலில் வைத்து டயாட்டம் வளர்த்தார்கள். அங்கே பெருகியது பெரும்பாலும் கீட்டோசெராஸ். ஸ்கெலிட்டோனிமாவுக்கு நம் வெயில் ஒத்துக்கொள்ளாது, சூடு ஏறினால் சரிந்துவிடும். கீட்டோசெராஸ் அதைத் தாங்கும்.

2009-ல் வனாமி இறாலுக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்த பிறகு தமிழ்நாட்டுக் கடலோர ஹேச்சரிகளில் இறாலே மாறிவிட்டது. ஜோயியாவின் முதல் வேளை மட்டும் மாறவில்லை. பீக்கரில் கொஞ்சம் தண்ணீரை மொண்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார்கள். ஜோயியாவின் பின்னால் நூல் மாதிரி நீளமாகக் கழிவு தொங்கினால் டயாட்டத்தை நன்றாகத் தின்கிறது என்று அர்த்தம். நூல் இல்லையென்றால் பாசி அறைக்கு ஓடுவார்கள்.